நின்றுபோன வலைப்பூவை மீண்டும் எழுதத் தொடங்கலாமா?

கேள்வி: பல வருடங்களுக்கு முன் கைவேலை, சமையல், வீட்டு நடப்பு என்று வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு நின்றுவிட்டது. எல்லோரும் வீடியோ பார்க்கும் இந்தக் காலத்தில் திரும்பவும் எழுதுவதில் பயன் உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பயன் உண்டு. தொடங்குங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். ஒயர் கூடை பின்னுவது, கோலம், எங்கள் பக்கத்துச் சமையல் ஆகியவை பற்றி எழுதிவந்த வலைப்பூவை நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கையால் ஒரு வேலையைச் செய்கிறவர் எழுதாமல் விட்டால், அந்த வேலையின் கணக்கும் காரணமும் எங்குமே பதிவாகாமல் போய்விடுகின்றன. வீடியோ எத்தனை வந்தாலும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

ஒயர் கூடையையே எடுத்துக்கொள்வோம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு பெயர் உண்டு. எதைத் தேடினாலும் வீடியோ கிடைக்கிறது. கைகள் ஒயரை மடிப்பதும் நுழைப்பதும் இழுப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் பின்ன உட்காருகிறவருக்கு முடிச்சுக்கு முன்பே வேறு சந்தேகங்கள் வருகின்றன. இந்த அளவுக் கூடைக்கு எத்தனை கட்டு ஒயர் வாங்குவது? ஒரு துண்டை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது? அடிப்பாகத்துக்கு எத்தனை துண்டுகள்? இரண்டாவது நிறத்தை எந்த வரிசையில் சேர்த்தால் பூ வேலைப்பாடு நடுவில் வந்து அமையும்? கைப்பிடிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? துண்டு நீளம் குறைந்திருந்தால், கூடை பாதி உயரம் ஏறிய பிறகுதான் அது தெரியவரும். அதற்குள் ஒரு நாள் உழைப்பு போயிருக்கும். இவை எல்லாம் எண்கள். எண்களைக் காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. எழுதியிருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னலாம். என் பதிவுகளில் அதிகம் படிக்கப்படுவது எது தெரியுமா? கூடையின் அளவுக்கு ஏற்ப எவ்வளவு ஒயர் வாங்க வேண்டும் என்று போட்ட ஒரு சாதாரண அட்டவணை. கடை வாசலில் நின்றுகொண்டு கைப்பேசியில் அதைப் பார்ப்பதாகப் பெண்கள் எழுதுகிறார்கள்.

சமையலிலும் இதே நிலைதான். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் புன்செய்க் கொல்லைகளில் கேழ்வரகுக்கு ஊடாக அவரை விதைப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் காய் முற்றிச் சந்தைக்கு வரும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்தப் பருவத்தில் அவரைக் கொட்டை வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அதை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்கிற பிதுக்கம்பருப்புக் குழம்புக்கும் கேழ்வரகுக் களிக்கும் உள்ள பொருத்தத்தைச் சாப்பிட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழம்பு வைக்கும் முறை பல இடங்களில் கிடைக்கிறது. பச்சைக் கொட்டைக்கும் காய்ந்த கொட்டைக்கும் ஊறும் நேரம் எப்படி மாறும், கொட்டை சரியாக ஊறிவிட்டது என்று விரலுக்கு எப்படித் தெரியும், பிதுக்கிய பருப்பு குழைந்துபோகாமல் இருக்க எப்போது அடுப்பிலிருந்து இறக்க வேண்டும் என்பதெல்லாம் என் மாமியார் போன்றவர்களின் கையில் இருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு எழுதினேன். பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட எங்கள் ஊர்க் குடும்பங்கள் பல. அங்கே பிறந்த பிள்ளைகள் ஒரு நாள் இதைத் தேடுவார்கள். தேடும்போது தமிழில் ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று என் தங்கை கேட்டாள். எங்கள் குடும்பக் குழுவில் இதே குழம்பின் செய்முறை முன்பு ஒருமுறை விரிவாகப் பேசப்பட்டது. மறு வருடம் மார்கழியில் தேவைப்பட்டபோது, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் அடியில் அதைக் கண்டுபிடிக்க அவளாலேயே முடியவில்லை. வலைப்பூவில் இருப்பதற்கு ஒரு தலைப்பு இருக்கிறது, ஒரு முகவரி இருக்கிறது. அடுத்தவர் கேட்டால் முகவரியைக் கொடுத்துவிடலாம்.

ஏன் நின்றது என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். தமிழ் வலைப்பூக்களைத் திரட்டித் தந்த தமிழ்மணம் 2004இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகள், எழுதினால் அன்று மாலைக்குள் யாராவது படிப்பார்கள் என்ற நிலை இருந்தது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் இ-கலப்பையையோ என்.எச்.எம். ரைட்டரையோ கணினியில் நிறுவி, தட்டச்சு பழகி, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பதிவிட்டோம். பிறகு ஃபேஸ்புக் வந்தது. பல வலைப்பூக்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. படிக்கிறவர்கள் வரும் வழி அடைபட்டதும் எழுதுகிறவர்களின் கை தளர்ந்தது. இது ஒருவர் சோம்பலால் நடந்த காரியம் கிடையாது.

திரும்பத் தொடங்கும் முன் பழைய வீட்டைச் சற்றுப் பழுதுபார்க்க வேண்டும். உங்கள் வலைப்பூ கூகுளின் ப்ளாக்ஸ்பாட்டில் இருந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழைய முடிகிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளே போனதும் எல்லாப் பதிவுகளையும் கூகுள் டேக்அவுட் (கணக்கிலுள்ளவற்றைத் தரவிறக்கித் தரும் கூகுள் சேவை) வழியாகத் தரவிறக்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, பழைய பதிவுகளுக்குள் நீங்களே கொடுத்திருக்கும் இணைப்புகள். 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் ப்ளாக்ஸ்பாட் பக்கங்கள் ‘டாட் இன்’ என்று முடியும் முகவரியில் திறந்தன. அதைப் பார்த்துப் பலரும் அப்படியே நகலெடுத்து ஒட்டியிருப்பார்கள். 2020இல் அந்த ‘டாட் இன்’ முகவரி கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டதால் அந்த இணைப்புகள் செத்துக் கிடக்கும். ‘டாட் காம்’ என்று மாற்றினால் உயிர் வந்துவிடும். ‘மின்னஞ்சலில் பெற’ என்ற ஃபீட்பர்னர் பெட்டி ஓரத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த மின்னஞ்சல் சேவை 2021இல் நிறுத்தப்பட்டது. கூகுள் பிளஸ் வழியாக எழுதப்பட்ட கருத்துகள் 2019இல் அந்தச் சேவையோடு சேர்ந்து நீங்கின. அவற்றைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பழைய பதிவுகளை அழிக்காதீர்கள். இளவயதில் எழுதியது, நடை சரியில்லை என்று தோன்றும். இருக்கட்டும். ஒயரின் விலை, சந்தையில் அவரையின் விலை, அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவுகளில்தான் இருக்கின்றன. விலை மாறியிருந்தால் அடியில் தேதியிட்டு ஒரு வரி சேருங்கள், போதும்.

முதல் புதிய பதிவை எப்படி எழுதுவது என்பதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. ‘நீண்ட நாட்களாக எழுதாததற்கு மன்னிக்கவும், இனி தவறாமல் எழுதுவேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்து, அந்த ஒரு பதிவோடு மறுபடி நின்றுபோன வலைப்பூக்கள் ஏராளம். அந்த அறிவிப்பு படிக்கிறவருக்கு எதையும் தருவதில்லை. எழுதுகிறவர் தலையில் மட்டும் ஒரு சுமையை ஏற்றிவைக்கிறது. நேராக ஒரு பொருளுக்குள் போங்கள். இந்த வாரம் உங்கள் கை என்ன செய்ததோ அதை எழுதுங்கள்.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் நாளும் ஊரும் போடுங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில், இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? இந்த வட்டாரத்து எழுத்துள்ள நடுகற்களில் எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பது முதலில் வரும். அடுத்து ஊர், ஆளின் பெயர், அவன் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு உயிர்விட்ட செய்தி. சில வரிகள்தான். அடைமொழி கிட்டத்தட்ட இல்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்து படிக்கிறவருக்கும் யார், எங்கே, எப்போது, எதற்காக என்பது தெரிந்துவிடுகிறது. அந்தக் கற்களின் முன் நின்றபோதுதான் என் பதிவுகளில் ‘நேற்று’, ‘எங்கள் ஊரில்’, ‘பக்கத்துக் கடையில்’ என்ற சொற்களை விட்டுத் தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். எழுதும் நாளில் இது தேவையற்றதாகத் தோன்றும். சில வருடங்கள் போகட்டும், நீங்களே நன்றி சொல்வீர்கள்.

வாரம் ஒரு பதிவு என்று கணக்கு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பருவத்தோடு சேர்ந்து எழுதுவது நமக்கு இயல்பாக வருகிறது. மாசி, பங்குனியில் இங்கே திண்ணைதோறும் புளி வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். கூலி வேலையாகவும் செய்வார்கள், வீட்டுக்காகவும் செய்வார்கள். அந்த வேலையின் போது பேசப்படும் பேச்சைப் போல ஊரைப் பற்றிய செய்தி வேறெங்கும் கிடைக்காது. சித்திரை பிறந்தால் மாம்பழக் காலம், முதலில் செந்தூரா வரும். பின்னால் பெங்களூரா குவியும், மாங்கூழ் ஆலைகளுக்கு லாரிகள் வரிசை கட்டும். கடைசியாக நீலம். சில கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் விழும் காட்சியான படுகளத்தன்று அவனுடைய பெரிய மண் உருவத்தைத் தரையில் படுக்கவைத்த நிலையில் செய்வார்கள். அந்த உருவத்துக்கு மண் எங்கிருந்து வருகிறது, யார் பிசைகிறார்கள், கண்ணுக்கு என்ன வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அது கைவேலைப் பதிவுதானே? மார்கழிக்குக் கோலம் இருக்கவே இருக்கிறது. புள்ளிக் கணக்கை எழுத்தில் கொடுங்கள். நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா, எத்தனையில் தொடங்கி எத்தனையில் முடிகிறது என்று தெரிந்தால் படம் மங்கலாக இருந்தாலும் போட்டுவிடலாம்.

தட்டச்சு சிரமமாக இருந்தால் கைப்பேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாகிறது. வேலை செய்துகொண்டே பேசிப் பதிவு செய்து, இரவு உட்கார்ந்து திருத்துகிறேன். ஒற்றெழுத்துகளும் ரகர றகரமும் மாறி விழும். அதைத் திருத்தும் பொறுமை வேண்டும். படங்களுக்குப் பகல் வெளிச்சம் போதும், வாசல் திண்ணையே நல்ல இடம்.

அன்றாட வாழ்க்கையை எழுதும்போது ஓர் எல்லை தேவை. பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கு பேசும் குடும்பம். அவர் சொல்லித்தந்த ஊறுகாய் முறையை எழுதும் முன் அவரிடம் கேட்டேன், பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. பிள்ளைகளின் முகம், பள்ளி, வீட்டு முகவரி ஆகியவற்றை எழுதுவதில்லை. வீட்டில் நடக்கும் சண்டை, உடல்நலக் குறைவு, கடன் போன்றவை என்னுடைய கதை மட்டும் ஆகாது. அவற்றில் பங்குள்ளவர்கள் ஒப்புக்கொள்ளாமல் அவை வெளியே போவது தவறு என்று நினைக்கிறேன். இந்த எல்லைக்குள் எழுதவே ஏராளம் இருக்கிறது.

வாசகர்கள் பழைய எண்ணிக்கையில் வர மாட்டார்கள். கருத்துப் பெட்டி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். வருகிறவர்கள் தேடுபொறி வழியாக, ஒரு தேவையோடு வருகிறார்கள். அதனால் தலைப்பை அழகுக்காக வைக்காமல், தேடுகிறவர் தட்டச்சு செய்யக்கூடிய சொற்களில் வையுங்கள். ‘வண்ண நினைவுகள்’ என்று வைத்தால் யாரும் வந்து சேர மாட்டார்கள்; ‘நெல்லிக்காய் முடிச்சுக் கூடைக்கு ஒயர் அளவு’ என்று வைத்தால் வருவார்கள். பதிவிட்டதும் அது உண்மையில் தேவைப்படும் ஒருவருக்கு மட்டும் இணைப்பை அனுப்புங்கள்.

கைவேலை எழுதியவர் என்கிறீர்கள். கூடை பின்னுகிறவராக இருந்தால் முதல் பதிவுக்கு நானே ஒரு தலைப்பு தருகிறேன்: அறுந்துபோன கைப்பிடியை, கூடையைப் பிரிக்காமல் புதிதாக மாற்றுவது எப்படி? ஒயர் நீளம், எந்த வரிசையிலிருந்து கோத்துத் தொடங்குவது, முனையை எங்கே மறைத்து முடிப்பது என்ற விவரங்களோடு அதை எழுதுங்கள். என் வீட்டில் கைப்பிடி போன கூடைகள் பரணில் இருக்கின்றன. உங்கள் பதிவைப் பார்த்துச் செய்து, சரியாக வந்ததா என்று அதன் கீழேயே எழுதுகிறேன்.