கேள்வி-பதில்: கச்சேரி மேடைக்கு லேப்டாப் கொண்டுபோகலாமா?

கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று சீசனில் கச்சேரி இருந்துகொண்டே இருக்கும். கையில் இருப்பது யமஹா பிஎஸ்ஆர் ரகத்தில் ஒரு பழைய கீபோர்டு. இதை விற்றுவிட்டு நல்ல மிடி கன்ட்ரோலர் வாங்கி, வீட்டில் இருக்கும் 4 ஜிபி ரேம் லேப்டாப்போடு சேர்த்துக்கொண்டால் பியானோ, ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் ரெக்கார்டிங் தரத்தில் வரும் என்கிறார்கள். எந்தக் கன்ட்ரோலர் நல்லது? — ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கீபோர்டை விற்காதீர்கள். கன்ட்ரோலரையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

மிடி கன்ட்ரோலர் என்பது சொந்தமாக ஒலி எழுப்பாத கட்டைப் பலகை. மிடி கேபிளில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவல்தான் போகிறது. அழுத்திய வேகம் 1 முதல் 127 வரை ஓர் எண். அவ்வளவுதான். ஒலி பிறப்பது லேப்டாப்பில். ஆகவே விலை குறைந்த கன்ட்ரோலரில் வாசித்தாலும் விலை உயர்ந்ததில் வாசித்தாலும் சாஃப்ட்வேர் ஒன்றாக இருந்தால் பியானோவும் ஒன்றுதான். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் கீபோர்டின் பின்பக்கம் பாருங்கள். 'யுஎஸ்பி டு ஹோஸ்ட்' என்று எழுதி, பிரின்டர் கேபிள் நுழைகிற சதுர போர்ட் ஒன்று இருக்கிறதா? கட்டைகளை மெதுவாகவும் ஓங்கியும் அழுத்தினால் ஒலி மாறுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்களிடம் கன்ட்ரோலர் ஏற்கெனவே இருக்கிறது.

பணத்தை லேப்டாப்பிலும், அதன் ஒலியை மிக்சருக்குக் கொண்டுபோகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற வெளிப் பெட்டியிலும் போடுங்கள். 4 ஜிபி ரேம் இதற்குக் காணாது. நல்ல பியானோ சாம்பிள் (நிஜ பியானோவைப் பதிவு செய்த ஒலித் தொகுப்பு) ஒன்றே பல ஜிபி பிடிக்கும். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிசான லேப்டாப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். திறந்தவெளி மேடையில் லைட்டின் சூட்டோடு ஒரு மணி நேரம் ஓடினால், தன்னைக் காத்துக்கொள்ள பிராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஸ்பீக்கரில் டிக் டிக் என்று கேட்க ஆரம்பிக்கும். கொஞ்சம் தடிமனாக, காற்றுப் போக்கு நன்றாக உள்ளதே மேடைக்கு ஏற்றது. இன்னொன்று, பிராசஸர் பெயரை மட்டும் நம்பிவிட முடியாது. எவ்வளவு வேகமான மெஷினாக இருந்தாலும் ஒரு மோசமான வைஃபை டிரைவர் ஒலியைத் தடுக்கி விழ வைத்துவிடும். லேட்டன்ஸிமான் என்ற இலவசச் சாஃப்ட்வேர் அதைக் காட்டிக்கொடுக்கும். வாங்கிய அன்றே ஓட்டிப் பாருங்கள், சிவப்பில் எச்சரித்தால் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் சிவப்புதான் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்காரரைப் பாருங்கள்.

லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே உள்ள தாமதம்தான் இதில் எல்லாம். நொடிக்கு 44,100 ஒலித் துணுக்கு (இதற்கும் சாம்பிள் என்றே பெயர்) என்ற கணக்கில், பஃபர், அதாவது வெளியே அனுப்புமுன் லேப்டாப் சேர்த்து வைக்கும் துணுக்குகளின் எண்ணிக்கை, 128 என்றால் சுமார் 3 மில்லி செகண்ட்; 1,024 என்றால் 23. அதாவது எட்டு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பது மாதிரி. குத்துப்பாட்டில் டிரம்ஸோடு ஒட்டவே ஒட்டாது. விண்டோஸில் பஃபரைக் குறைத்து வைக்க ஆசியோ என்ற வகை ஆடியோ டிரைவர் வேண்டும், அதுவும் இன்டர்ஃபேஸ் கம்பெனியே எழுதிய டிரைவராக இருப்பது நல்லது. பெட்டியில் ஒரே மாதிரி தெரியும் மாடல்களில்கூட இந்த வித்தியாசம் உண்டு: பெரிங்கர் யுஎம்சி202எச்டிக்குச் சொந்த டிரைவர் இருக்கிறது, அதைவிட மலிவான யுஎம்சி22-க்குப் பொதுவான ஆசியோ4ஆல்-ஐத்தான் போட்டு ஓட்ட வேண்டும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவும் போதும். மைக் இன்புட் எத்தனை என்று பார்க்காதீர்கள், உங்களுக்கு வேண்டியது இரண்டு அவுட்புட்.

சாஃப்ட்வேருக்கு, மேக் என்றால் மெயின்ஸ்டேஜ்; விண்டோஸ் என்றால் கேன்டபிலே அல்லது கிக் பெர்ஃபார்மர். பாட்டுக்குப் பாட்டு டோன் மாற்றுவதற்கென்றே செய்தவை இவை. கிராக் செய்ததை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சரணம் நடுவில் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது?

மேடையில் சார்ஜரைச் செருகியதும் 'உம்ம்ம்' என்று இரைச்சல் வரும். பிடுங்கினால் நின்றுவிடும். லேப்டாப்பும் மிக்சரும் வேறு வேறு எர்த் வழியாகச் சுற்றிக்கொள்வதால் வருவது அது. இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டு, அதில் ஆடியோ கேபிள் வழி எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். மைக்கைப் பிடிக்கும் பாடகருக்கு ஷாக் அடிக்க அது ஒன்று போதும், செய்யவே செய்யாதீர்கள்.

சரி, கீபோர்டை ஏன் விற்கக் கூடாது? அதன் சொந்த அவுட்புட்டையும் மிக்சரில் தனி சேனலில் செருகி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி வையுங்கள். ஏறக்குறைய அதே டோனை அதிலும் போட்டு வையுங்கள். லேப்டாப் உறைந்துபோனால் அந்த ஃபேடரை ஏற்றினால் போதும், கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

பின்னால் கன்ட்ரோலர் வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம். சின்ன மாடல்கள் பலவற்றில் அதற்குப் பதில் தடவுகிற பட்டையோ குட்டி ஜாய்ஸ்டிக்கோதான் இருக்கும். புல்லாங்குழல், நாதஸ்வர டோனில் கமகம் பிடிக்க அதில் கை வராது.

கேள்வி: நண்பர் தன் 61 கட்டை கன்ட்ரோலரைப் பாதி விலைக்குத் தருகிறார். எதைச் சோதிக்க வேண்டும்? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: லேப்டாப்பில் மாட்டி, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் ஓங்கியும் அழுத்தி, வேக எண் மாறுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் 127 காட்டும் கட்டை கெட்டுப்போன கட்டை. யுஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டும்போது தொடர்பு அறுந்தால் வாங்க வேண்டாம். மேடையில் யாராவது அந்தக் கேபிளில் கால் வைக்கத்தான் போகிறார்கள். பெடலைச் செருகிய பிறகு ஆன் செய்யுங்கள். ஆன் செய்துவிட்டுச் செருகினால் சில மாடல்களில் அது தலைகீழாக வேலை செய்யும், பெடல் போச்சு என்று நினைத்துவிடுவீர்கள். கூடவே வந்த சாஃப்ட்வேரை அவர் தன் பெயரில் பதிவு செய்திருப்பார். அதை மாற்றித் தர முடியாது என்றால் விலையில் கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: மச்சான் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். இன்டர்ஃபேஸை அங்கேயே வாங்கி வரச் சொல்லலாமா? — ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இங்கே வாரன்டி கிடைக்குமா என்று அந்தக் கம்பெனியின் இந்திய விநியோகஸ்தரிடம் முதலில் கேளுங்கள். பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில்தான் சர்வீஸ் தருகின்றன. இன்டர்ஃபேஸை இங்கேயே பில்லோடு வாங்குங்கள். மச்சானிடம் நல்ல கேபிள் நாலு வாங்கி வரச் சொல்லலாம்.