பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடிவிட்டு, பருத்திப்பால் கிளாஸோடு நிற்கும்போதுதான் ஷூ பேச்சு ஆரம்பிக்கும். புதிதாக ஓட வருகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டு வருடம் ஷூ கடையில் குத்தவைத்து உட்கார்ந்து அடுத்தவர் காலுக்கு ஷூ மாட்டிவிட்டவன். இப்போது நானும் ஓடுகிறேன், அவ்வளவுதான்.

அண்ணே, பதினைந்தாயிரம் ரூபாய் ஷூ வாங்கினால் முட்டிவலி வராது என்கிறான் நண்பன். அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா? (அண்ணாநகர் தம்பி)

முட்டிவலி விலைச்சீட்டைப் பார்த்து வருவதில்லை தம்பி. திடீரென்று தூரத்தைக் கூட்டினால் எந்த ஷூவிலும் வரும். வாரம் மூன்று நாள், மூணு நாலு கிலோமீட்டர் ஓடுவதற்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் நல்ல ஷூ கிடைக்கும். அந்த மாதிரி விலையில் விற்கிற, அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூக்கள் 2017 வாக்கில் மாரத்தான் வீரர்களுக்காக வந்து பேர் வாங்கியவை. விறைப்பாக இருக்கும், சீக்கிரம் தேயும். தெப்பக்குளத்தை ஒரு சுற்று மூச்சு வாங்காமல் ஓட முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம். மிச்சப் பணத்தில் பாலியெஸ்டர் கலந்த ஓட்ட சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்குங்கள். காட்டன் சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். நம்மூர் ஏப்ரல் மாதத்தில் அது கொப்புளத்தில்தான் முடியும்.

ஆபீஸ் ஷூ எட்டாம் நம்பர் போடுகிறேன். இதுவும் எட்டுதானே? (திருநகரிலிருந்து)

பெரும்பாலும் இல்லை. அரை நம்பர், சிலருக்கு ஒரு நம்பர் கூடவே வேண்டியிருக்கும். ஓடும்போது பாதம் சூடேறி வீங்கும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் முன்னால் நகரும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெருத்திருக்கும். ஓடும்போது போடப்போகிற சாக்ஸைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு காலிலும் மாட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்து 'கரெக்டா இருக்கு சார்' என்று சொல்வது எங்கள் பழைய வழக்கம், நம்பாதீர்கள். நிற்கும்போதுதான் பாதம் முழுசாக விரியும். நீளமான விரலுக்கு முன்னால், அது பெருவிரலோ இரண்டாவது விரலோ, உங்கள் கைக்கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் இறுக்கினால் நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலமான மாடல் கேளுங்கள். ஒரு கால் பெரிதாக இருந்தால் அந்தக் காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

குதிகால் மட்டும் வழுக்குகிறதா? மேலே கடைசியில், இரண்டு பக்கமும் யாரும் பயன்படுத்தாத ஒவ்வொரு ஓட்டை இருக்கும். அதே பக்கம் லேஸை அதில் விட்டு ஒரு சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸ் நுனியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள், பிடித்துக்கொள்ளும். ஆன்லைனில் வாங்கினால் இன்னொன்று: ஆண்கள் ஷூவில் யூகே 8 என்பது பல பிராண்டுகளில் யூஎஸ் 9, சிலவற்றில் எட்டரை. நாம் சொல்லிப் பழகியது யூகே நம்பர்.

இவ்வளவு தெரிந்த நானே ஆஃபர் விலைக்கு ஆசைப்பட்டு அரை நம்பர் சின்னதாக வாங்கி, அழகர்கோவில் வரை ஓடினேன். இரண்டாவது விரல் நகம் கருத்து, ரெண்டு மாதத்தில் கழன்றது. வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குத் தட்டைப் பாதம். ஈரக்கால் தடத்தைப் பார்த்துவிட்டு விசேஷ ஷூதான் போட வேண்டும் என்றார்கள். பயமாக இருக்கிறது. (எல்லீஸ் நகர் அக்கா)

பயப்படாதீர்கள் அக்கா. நானும் அப்படிச் சொல்லி விற்றவன்தான். அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் என்று மூன்று படைகளிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாத வளைவுக்கு ஏற்ற ஷூ, மற்றவர்களுக்கு எல்லாருக்கும் ஒரே வகை ஷூ. 2009, 2010இல் முடிவுகள் வந்தன: காயத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. மூன்று நாலு ஜோடி மாட்டிக் கடைக்குள்ளேயே ஓடிப் பாருங்கள். எதில் காலை மறக்கிறீர்களோ அதை எடுங்கள். ஏற்கெனவே வலி இருந்தால் மட்டும் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்ம ரேவதி வெறுங்காலில் ஓடித்தானே ஒலிம்பிக் போனார்? எதற்கு ஷூ? (ஒத்தக்கடை மாணவர்)

சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி ஆரம்பத்தில் வெறுங்காலில் ஓடியது நிஜம். ஷூ வாங்க வசதி இல்லாமல் ஓடினார், விரும்பி இல்லை. 2021இல் டோக்கியோவில் கலப்பு 4x400 தொடரோட்டத்தில் ஓடியபோது காலில் ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஷூ இருந்தது. வருடக்கணக்கில் ஷூவிலேயே இருந்த கால், கெண்டைச்சதையும் குதிகால் நரம்பும் பழகாமல் தார்ரோட்டில் இறங்கினால் தாங்காது. ஆசையாக இருந்தால் புல்தரையில் ஐந்து நிமிடம் ஓடிப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதுவும் வேண்டாம்.

பெரிய பிராண்டைப் பார்த்துச் செய்த ஃபர்ஸ்ட் காப்பி ஷூ ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே? (பெயர் வேண்டாமாம்)

கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.

ஒரு ஷூ எவ்வளவு நாள் வரும்? (நாகமலை புதுக்கோட்டை)

நாளைக் கணக்கு வைக்காதீர்கள், கிலோமீட்டர்தான் கணக்கு. பொதுவாக 500இலிருந்து 800. வாரம் 15 ஓடினால் 600 தாண்ட நாற்பது வாரம். அடிப்பக்க ரப்பர் புதிதாகத் தெரிந்தாலும் நடுவிலுள்ள ஃபோம் செத்திருக்கும். முன்பு இல்லாத வலி முழங்காலிலோ முன்காலிலோ வந்தால் ஃபோமைச் சந்தேகப்படுங்கள். வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் ஷூவைப் போட்டு வைக்காதீர்கள், சூட்டில் ஃபோமும் பசையும் கெடும். மழையில் நனைந்தால் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவையுங்கள்.

அண்ணே, கடைக்குக் கூட வருவீர்களா? (நாலு பேர் கேட்டார்கள்)

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் வருகிறேன். சாக்ஸைத் துவைத்து எடுத்து வாருங்கள்.