எஃப்.சி.க்குப் போன வண்டி திரும்பி வந்தா: பட்டறைக்காரர் பதில்கள்

மணலி பக்கம் 27 வருஷமா லாரிப் பட்டறை வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் டிப்பர் ஓட்டினவன். எஃப்.சி.ன்னா ஃபிட்னெஸ் சர்டிபிகேட், வண்டி ரோட்டுல ஓடத் தகுதியா இருக்குன்னு சோதிச்சுத் தர்ற தாள். அதுக்குக் காட்டப் போற வண்டியைத் தயார் பண்றதுதான் பட்டறையில பாதி வேலை. போன வாரம் நம்ம குழுவுல ஒரு தம்பி, தேதி முடியறதுக்கு முன்னாடியே காட்டப் போய் வண்டி ஃபெயிலாச்சுன்னு எழுதியிருந்தார். ஆளுக்கு ஒண்ணு சொல்லி அவரைக் குழப்பி விட்டுட்டீங்க. அதனால இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வந்த கேள்விக்கெல்லாம் எழுதறேன். முதல்ல அந்தத் தம்பி.

தண்டையார்பேட்டை லாரி டிரைவர்: அண்ணே, எஃப்.சி. முடிய இன்னும் 22 நாள் இருக்கு. முன்கூட்டியே காட்டிடலாம்னு ஓனர் அனுப்பினார். பின்னாடி இடது பக்கம் பிரேக் பிடிக்கல, ஸ்டியரிங்ல ஆட்டம் ஜாஸ்தின்னு பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) திருப்பி அனுப்பிட்டார். "பழைய எஃப்.சி. உயிரோடதான இருக்கு, 22 நாளும் ஓட்டு, கடைசி வாரம் பார்த்துக்கலாம்"ங்கறார் ஓனர். ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க தம்பி. ஓனர் சொல்றதுல பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்து.

பழைய எஃப்.சி.யை யாரும் ரத்து பண்ணலைன்னா அதுல போட்ட தேதி வரைக்கும் அது செல்லும். ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவுல இன்னொண்ணும் இருக்கு. வண்டி விதிப்படி இல்லைன்னு தெரிஞ்சா, காரணத்தை எழுதி வச்சுட்டு, எஃப்.சி.யை எந்த நேரத்துலயும் ரத்து பண்ணலாம். ரத்தாச்சுன்னா ஆர்.சி.யும் பெர்மிட்டும் அதோட நிக்கும், புது எஃப்.சி. வாங்குற வரைக்கும். அதனால தேதியை மட்டும் நம்பாதீங்க.

அதைவிடப் பெரிசு 190-வது பிரிவு. வண்டியில கோளாறு இருக்குன்னு தெரிஞ்சும், இல்ல சாதாரணமா கவனிச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும்ங்கற நிலைமையிலயும், ரோட்டுல ஓட்டினா 1,500 ரூபாய் அபராதம். அந்தக் கோளாறால விபத்தாகி யாருக்காவது அடிபட்டா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 அபராதம், இல்ல ரெண்டும். ஓட்டினவருக்கும் உண்டு, ஓட்டச் சொன்னவருக்கும் உண்டு. நேத்து வரைக்கும் "எனக்குத் தெரியாது சார்"னு நீங்க சொல்லியிருக்கலாம். இப்ப உங்க முன்னாடியே பார்த்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. இனிமே அந்த வார்த்தை உங்க வாயில நிக்காது.

திருப்பி அனுப்பினா காரணத்தை எழுத்துல குடுக்கணும்னும் அதே 56-வது பிரிவு சொல்லுது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஓனருக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புங்க. "இதைச் சரி பண்ணிட்டு எடுக்கறேன்"னு ஒரு வரி சேர்த்து எழுதுங்க. அந்த ஒரு வரி உங்களைக் காப்பாத்தும்.

ஸ்டியரிங் ஆட்டத்தை நீங்களே பார்க்கலாம். முன் சக்கரத்தை நேரா வச்சு, ஸ்டியரிங் வட்டத்து உச்சியில சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. கிளீனரைக் கீழ உட்கார்ந்து டயரைப் பார்க்கச் சொல்லுங்க. பவர் ஸ்டியரிங்னா இன்ஜின் ஓடட்டும். ரெண்டு விரலால மெதுவா திருப்புங்க. டயர் அசைய ஆரம்பிக்கற வரைக்கும் கோடு எவ்வளவு நகருதுன்னு பாருங்க. விதியில 30 டிகிரி வரைக்கும்தான் அனுமதி. கடிகாரத்துல 12-க்கும் 1-க்கும் நடுவுல உள்ள தூரம் அது. அதைத் தாண்டினா டை ராட் முனை, கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ் மூணையும் பார்க்கணும்.

நான் டிப்பர் ஓட்டினப்போ இதே மாதிரி "அடுத்த வாரம் பார்க்கலாம்"னு ஒருத்தர் சொன்னார், நானும் ஓட்டினேன். மீஞ்சூர் போற வழியில சைக்கிள்ல வந்த பெரியவர் ஒருத்தருக்குக் கால் போச்சு. பெடலை மிதிச்சேன், வண்டி வலது பக்கம் மட்டும் இழுத்துக்கிட்டுப் போச்சு. ஸ்டேஷன் பெஞ்சுல ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தது நான்தான். "அடுத்த வாரம்"னு சொன்னவர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அந்தப் பெரியவர் முகம் எனக்கு இன்னும் மறக்கல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

காசிமேடு, மீன் வண்டி: எஃப்.சி. வாங்கி நாலு மாசம்தான் ஆச்சு. பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமா கீழ போகுது. ஆயில் ஊத்தினா சரியாகுது. அடுத்த எஃப்.சி. வரைக்கும் தாங்குமா?

பதில்: தாங்காது. இன்னிக்கே நிறுத்துங்க. காசிமேட்டு வண்டின்னாலே நான் முதல்ல கீழ படுத்து பிரேக் பைப்பைத்தான் பார்ப்பேன். ஐஸ் உருகி, மீன் ரத்தத்தோடவும் உப்போடவும் சேர்ந்து பாடி இடுக்கு வழியா சேஸிஸ் மேல சொட்டிக்கிட்டே இருக்கும். கடல் காத்து வேற. பைப்பைச் சேஸிஸோட பிடிச்சிருக்கற கிளிப்புக்கு உள்ள அந்தத் தண்ணி தேங்கும். வெளிய பைப் பளபளன்னு இருக்கும், கிளிப்பைக் கழட்டினா உள்ள ஊசி முனை அளவுக்கு அரிச்சிருக்கும். உங்க ஆயில் அங்கதான் கசியுது. சாதாரணமா மிதிக்கறப்போ சொட்டும், குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்து முழு பலத்துல மிதிக்கறப்போ பைப் வெடிக்கும்.

ஒட்டுப் போடாதீங்க, பைப் முழுசையும் மாத்துங்க. லோடு இறக்கினதும் தினம் நல்ல தண்ணியில அடிப்பக்கத்தைக் கழுவுங்க. மேல பாடியை மட்டும் கழுவிட்டுப் போறவங்கதான் அதிகம். எஃப்.சி. குடுத்த அன்னிக்கு வண்டி நல்லா இருந்தது, அவ்வளவுதான் அந்தத் தாளுக்கு அர்த்தம். நாலு மாசம் உப்புத் தண்ணி குடிச்ச பைப் அந்தத் தாளைப் பார்த்து நிக்காது.

மூலக்கடை: சொந்தக் கார், 6 வருஷம் ஆச்சு. எஃப்.சி. எப்ப?

பதில்: சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிஞ்சுதான் ஆய்வு. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். வாடகை வண்டி, சரக்கு வண்டிக்குப் புதுசா வாங்கின ரெண்டு வருஷத்துல முதல் எஃப்.சி. 8 வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அப்புறம் வருஷா வருஷம்.

வியாசர்பாடி, மூணு லாரி ஓனர்: எல்லாத் தப்பையும் ஓனர் தலையில கட்டாதீங்க. பத்து டயர் மாத்தினா ரெண்டு லட்சம் ஆகுது. டியூ கட்டணும், டீசல் போடணும். எஃப்.சி. அன்னிக்கு வாடகை டயர் மாட்டிக் காட்டிட்டுக் கழட்டறது ஊர்ல எல்லாரும் பண்றதுதான்.

பதில்: இதுக்கு நான் எழுதறதுக்குள்ள கீழ சண்டையே வந்துடுச்சு. அதையும் இங்கயே போடறேன்.

திருவொற்றியூர் டிரைவர்: ஓனர் சார், அந்த மொட்டை டயர் மேல உட்கார்ந்து போறது நான். நீங்க வீட்டுல உட்கார்ந்திருக்கீங்க.

வியாசர்பாடி ஓனர்: நானும் 15 வருஷம் ஓட்டினவன்தான். வாடகை ஏத்தித் தரச் சொல்லு, டயர் மாத்தறேன். கன்டெய்னருக்குக் குடுக்கற காசு டீசலுக்கே சரியாப் போகுது.

மாதவரம் டயர் கடை: நான் வாடகைக்குக் குடுக்கறேன். கேட்கறாங்க, குடுக்கறேன். நான் இல்லைன்னா இன்னொருத்தன்.

பதில்: மூணு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன்.

ஓனர் அண்ணே, உங்க கஷ்டம் பொய் இல்ல. ஹார்பர் லைன்ல ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு நேரம் நின்னு சாகறீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா இன்ஸ்பெக்டருக்குக் காட்டினது ஒரு வண்டி, ரோட்டுல ஓடறது வேற வண்டின்னா, நீங்க வாங்கினது உங்க வண்டிக்கான எஃப்.சி.யே இல்ல. டயர் பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும், விரல் விட்டுத் தடவினா தட்டுப்படும். ரோட்டுல படற பட்டன் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சுது. பள்ளத்தோட ஆழம் குறைஞ்சது லாரிக்கு 1.6 மில்லிமீட்டர் இருக்கணும், ஆட்டோவுக்கும் பைக்குக்கும் 0.8. மழை நாள்ல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல தண்ணி நிக்கும்போது அந்தப் பள்ளம்தான் தண்ணியை வெளிய தள்ளும். பள்ளம் இல்லாத டயர் தண்ணி மேல மிதக்கும். பிரேக் எவ்வளவு நல்லா இருந்தாலும் அப்ப பிரயோஜனம் இல்ல.

பத்தையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லல. முன்னாடி ரெண்டுக்கும் நல்ல டயர் போடுங்க. முன் டயர் வெடிச்சா ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது, அங்க ரீட்ரெட் (தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டினது) வேண்டவே வேண்டாம். பின்னாடி நல்ல கேஸிங்கா (டயரோட அடிக்கூடு) பார்த்து ரீட்ரெட் பண்ணலாம். மாசம் ரெண்டுன்னு வச்சாலும் அஞ்சு மாசத்துல முடிஞ்சுடும். எஃப்.சி.க்கு அஞ்சு மாசம் முன்னாடி ஆரம்பிங்க.

டயர் கடைத் தம்பி, "நான் இல்லைன்னா இன்னொருத்தன்"ங்கறது பதில் இல்ல. கழட்டி மாட்டற கை உங்களுது.

இதோட இந்த வாக்குவாதத்தை நிறுத்துங்க. இன்னும் நிறைய பேர் காத்திருக்காங்க.

கொடுங்கையூர், ஒரு அம்மா: பையன் போற பள்ளி வேன் எஃப்.சி.ல ஃபெயிலாச்சுன்னு டிரைவரே சொன்னார். ஆனா மறுநாளும் அதே வேன் வருது. யாரைக் கேட்கறது?

பதில்: அம்மா, நாளைக்குக் காலையில வேன்ல ஏத்தாதீங்க. பள்ளிக்கு நேர்ல போய், எஃப்.சி. தாளைக் காட்டச் சொல்லுங்க. அதுல இருக்கற தேதியும் வண்டி நம்பரும் பாருங்க. காட்ட மாட்டேன்னா உங்க பகுதி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுத்துல புகார் குடுங்க. மத்த பெற்றோரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.

2012 ஜூலையில தாம்பரம் பக்கம் ஒரு பள்ளி பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து ஒரு பெண் குழந்தை இறந்துது. அந்த வருஷமே தமிழ்நாட்டுல பள்ளி வாகனங்களுக்குன்னு தனி விதிகள் வந்துது. பள்ளி திறக்கறதுக்கு முன்னாடி, மே மாசத்துல, வாகனங்களை வரிசையா நிறுத்திச் சோதிக்கறதை நீங்க பார்த்திருப்பீங்க. நம்ம பக்கம் கடல் காத்துல தரைத் தகடு சீக்கிரம் அரிக்கும், மேல ரப்பர் மேட் போட்டு மூடியிருப்பாங்க. மேட்டைத் தூக்கச் சொல்லி, கையை மடக்கித் தட்டிப் பாருங்க. நல்ல தகடு 'டங்'குனு கேட்கும். அரிச்ச தகடு பொத பொதன்னு இருக்கும். கூச்சப்படாம பண்ணுங்க, உங்க குழந்தைம்மா.

பெரம்பூர், கால் டாக்ஸி: எஃப்.சி. இன்னும் 10 நாள் இருக்கு, ஆனா ஃபெயில். ஓட்டலாமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

ராயபுரம்: மச்சான் லண்டன்ல கேப் ஓட்டறார். அங்க முன்கூட்டியே டெஸ்ட் எடுத்து ஃபெயிலானாலும் ஓட்டலாம்ங்கறார். நிஜமா?

பதில்: அங்க எம்.ஓ.டி.ன்னு சொல்வாங்க. முடியறதுக்கு ஒரு மாசத்துக்கு ஒரு நாள் குறைவா இருக்கும்போதே காட்டலாம், புதுப்பிக்கற தேதி மாறாது. ஃபெயிலானாலும் பழையது இன்னும் செல்லுபடியாகி, கோளாறு 'ஆபத்தானது'ன்னு எழுதாம இருந்தா எடுத்துட்டுப் போகலாம். 'ஆபத்தானது'ன்னு எழுதிட்டா எடுக்கவே கூடாது, 2,500 பவுண்ட் வரைக்கும் அபராதம். 2018 மே மாசத்துல இருந்து அங்க கோளாறை இப்படித் தரம் பிரிக்கறாங்க. பிரேக் பிடிக்காத வண்டியை அங்கயும் விட மாட்டாங்கன்னு மச்சான்கிட்ட சொல்லுங்க.

எண்ணூர்: புல்லர் (முன்னாடி இழுக்கற இன்ஜின் வண்டி) பாஸ், டிரெய்லர் ஃபெயில். வேற டிரெய்லர் கோத்துக்கலாமா?

பதில்: கோத்துக்கலாம், அந்த டிரெய்லருக்குத் தனியா எஃப்.சி. இருந்தா. ரெண்டும் தனித்தனி ஆர்.சி., தனித்தனி எஃப்.சி. கோக்கறதுக்கு முன்னாடி கன்டெய்னரை டிரெய்லரோட பிடிக்கற ட்விஸ்ட் லாக் நாலும் பூட்டுதான்னு பாருங்க.

புதுவண்ணாரப்பேட்டை: எஃப்.சி. முடிஞ்சு போச்சு, இன்சூரன்ஸ் உயிரோட இருக்கு. விபத்தானா பணம் வருமா?

பதில்: உங்க வண்டிக்கு ஆன சேதத்துக்கு கம்பெனி கையை விரிக்க நிறைய வாய்ப்பு. அடிபட்டவருக்கு கம்பெனி முதல்ல குடுத்துட்டு ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்ற தீர்ப்புகள் இருக்கு. கேரள உயர் நீதிமன்றத்து முழு அமர்வு 2018-ல அப்படித்தான் சொல்லுச்சு. வீட்டை வித்துக் கட்டற நிலைமை வரும். எஃப்.சி. இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் பதிவே ஆகாத வண்டி மாதிரிதான் பார்க்குது, அதை மறக்காதீங்க.

செங்குன்றம்: வண்டியைக் காட்டாமலே முடிச்சுத் தர ஆள் இருக்கு, எவ்வளவு குடுக்கலாம்?

பதில்: இதுக்கு இங்க பதில் கிடையாது. குழுவுல இனிமே கேட்காதீங்க.

கொருக்குப்பேட்டை: எஃப்.சி. 5 நாள் இருக்கு, ஃபெயில், ஓட்டலாமா அண்ணா?

பதில்: முதல் பதில். முதல் பதில். இன்னும் ரெண்டு பேர் இதையே கேட்டிருக்கீங்க, உங்களுக்கும் அதேதான். ஃபெயில்னு தெரிஞ்ச வண்டியோட சாவியை வாங்காதீங்க.

மணலி புதுநகர்: எல்லாம் சரியா இருந்தும் ஃபெயில் பண்ணிட்டாங்கன்னு தோணுது.

பதில்: காரணத்தை எழுத்துல வாங்கி 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், 57-வது பிரிவு. ஆனா அதுக்கு முன்னாடி இன்னொரு பட்டறையில காட்டுங்க. பட்டறைக்காரன் நானே பார்க்காம விட்டதை இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொன்னதுண்டு.

மிண்ட், லோடு வண்டி டிரைவர்: நீங்க சொல்றது சரிதான். ஆனா வண்டி பட்டறையில நின்னா எனக்கு பேட்டா கிடையாது. ஒரு வாரம் நின்னா வீட்டு வாடகை எங்க இருந்து வரும்?

பதில்: இதுக்குச் சட்டத்துல இருந்து எடுத்துச் சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல தம்பி. ஃபெயிலான வண்டி நிக்கற ஒவ்வொரு நாளும் உங்க வயித்துல அடிக்குதுன்னு தெரியும். எஃப்.சி. தேதி தாண்டினா ஓனருக்கு நாள் கணக்குல லேட் ஃபீஸ், உங்களுக்கு நாள் கணக்குல பட்டினி. அதனாலதான் எஃப்.சி. தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே வண்டியைக் கொண்டு வாங்கன்னு எல்லார்கிட்டயும் தலைப்பாடா அடிச்சுக்கறேன். அப்பன்னா பிரேக் லைனரை ஞாயித்துக்கிழமை பார்க்கலாம், லைட்டையும் ரிஃப்ளெக்டரையும் ஒரு ராத்திரியில முடிக்கலாம், வண்டி ஒரு நாளும் நிக்காது. ரிஃப்ளெக்டர் முன்னாடி வெள்ளை, பக்கவாட்டுல மஞ்சள், பின்னாடி சிவப்பு ஒட்டணும். நிறம் மாறி ஒட்டி அதுக்காகவே திரும்பி வந்த வண்டிங்க எத்தனையோ. வண்டி நிக்கற நாளுக்குப் பாதி பேட்டாவாவது தரச் சொல்லி வேலைக்குச் சேரும்போதே பேசி வைங்க. என் பட்டறைக்கு வர்ற ஓனருங்க சிலர் குடுக்கறாங்க.

தண்டையார்பேட்டை லாரி டிரைவர்: அண்ணே, நீங்க எழுதினதை ஓனருக்கு அனுப்பினேன். கோவப்பட்டார், அப்புறம் வண்டியை உங்க பட்டறைக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டார். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?

பதில்: நீங்க ஓட்டிட்டு வராதீங்க. வண்டி எங்க நிக்குதோ அங்கயே நிக்கட்டும். ஆறு மணிக்கு ரெண்டு பசங்களை ஜாக்கியோட அனுப்பறேன். பின் இடது டிரம்மை அங்கயே கழட்டிடுவாங்க. கழட்டும்போது நீங்களும் பக்கத்துல நில்லுங்க, ஓனரையும் வரச் சொல்லுங்க. லைனர் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ரெண்டு பேரும் கண்ணால பாருங்க.