தேவாரத்தைத் தாண்டினால் நேரம் மிச்சமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரிக் காலத்தில் ஒரு கோடை விடுமுறையில் கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலை, ஐந்து பாகத்தையும் ராப்பகலாகப் படித்து முடித்தேன். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலை, பிள்ளைகளின் படிப்பு, படுக்கையில் இருக்கும் மாமியார். படம் வந்ததிலிருந்து மறுபடி படிக்க ஆசை. எடுப்பேன், இரண்டாம் பாகத்தில் எங்காவது நின்றுவிடும். இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கு நேரத்துக்கு எங்கே போவது? படித்ததையே எதற்குப் படிக்கிறாய் என்கிறார் கணவர். ஒலிப்புத்தகமாகக் கேட்டால் போதுமா? சுருக்கப் பதிப்பு ஒன்று கையில் இருக்கிறது, அது ஆகுமா? இல்லை, கதைதான் தெரியுமே, தேவாரம், சைவ வைணவச் சண்டை, வர்ணனை இதையெல்லாம் தாண்டிவிட்டுப் படித்தால் நேரம் மிச்சமாகும் அல்லவா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

கணவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். முடிவு தெரிந்த கிரிக்கெட் ஆட்டத்தை அவர் மறுஒளிபரப்பில் பார்க்கும்போது நீங்கள் ஏதாவது கேட்கிறீர்களா? ஒலிப்புத்தகம் தாராளமாகக் கேளுங்கள், சமையலறைக்கு நல்ல துணை. ஆனால் மறுவாசிப்புக்கு அது உதவாது. ஒரு பெயரைக் கேட்டதும், இவனை முன்னால் எங்கே பார்த்தோம் என்று நாற்பது அத்தியாயம் பின்னால் போய்ப் புரட்ட வேண்டும். காதால் புரட்ட முடியாது.

நேரத்துக்கு வருகிறேன். நீங்கள் ஐந்து பாகத்தையும் ஒரே மூட்டையாகப் பார்த்து மலைக்கிறீர்கள். அது 293 அத்தியாயம். புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. ஒரு அத்தியாயம் சராசரியாக ஏழெட்டுப் பக்கம், மௌனமாகப் படித்தால் கால் மணி நேரம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்த தொடர் அது. கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம்தான் ஆகிறது. அதைப் படித்தவர்களுக்கும் வேலை இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், மாமியாரும் இருந்தார்.

இரண்டாம் பாகத்தில் நின்றுபோவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. முதல் வாசிப்பில் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு இழுத்துக்கொண்டு போனது. இப்போது அந்த இழுப்பு இல்லை. முதல் பாகம் முழுக்க கடம்பூர், தஞ்சை, பழையாறை என்று சூழ்ச்சிக்குள் சுற்றிவிட்டு, கதை திடீரென்று கோடிக்கரைச் சேற்றுக்கும் கடலுக்கும் போகிறது. ஒரே மூச்சில் நூறு பக்கம் படிப்பவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. போன வாரம் படித்தது மறந்துபோயிருக்கும் என்று கல்கி பழைய சங்கதியை வந்தியத்தேவன் வாயால் ஒருமுறை, குந்தவை வாயால் ஒருமுறை நினைவூட்டிக்கொண்டே போவார். வாரப் பத்திரிகையில் அது வாசகனுக்குச் செய்த உபகாரம். மொத்தமாகப் படித்தால் இழுவை. நாளுக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போகாதீர்கள், அதே நினைவூட்டல் உங்களுக்கும் உதவும். நடுவில் பத்து நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கவே கூடாது. இரண்டு அத்தியாயம் மட்டும் பின்னால் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்குப் பக்க எண்ணை நம்பாதீர்கள், பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாகம், அத்தியாய எண் இரண்டையும் குறித்து வைத்தால் பயணத்தில் கைபேசியிலும், வீட்டில் புத்தகத்திலும் மாற்றி மாற்றிப் படிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் முழு உரையும் இலவசமாக இருக்கிறது.

கதை ஆடிப்பெருக்கில் வீராணத்துக் கரையில் தொடங்குகிறது. நீங்களும் ஆடிப் பதினெட்டில் தொடங்கி நாளுக்கு இரண்டு என்று போனால், ஐந்தாம் பாகத் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் கடல் பொங்கும் இடம் நவம்பர் நடுவில் வரும். வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். டிசம்பர் கடைசியில் முடிந்துவிடும். மாமியார் கண் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு அத்தியாயத்தைச் சத்தமாகப் படியுங்கள், இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். தொடரைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்துப் படித்த தலைமுறை அது. அடுத்தது என்ன என்று அவரே உங்களுக்குச் சொன்னாலும் சொல்வார்.

இனி, நீங்கள் போகிற போக்கில் கேட்ட கடைசிக் கேள்வி. அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

கதை தெரியும் என்கிறீர்கள். சரி, கடைசியில் யார் தலையில் மகுடம் ஏறுகிறது? படத்தில் பார்த்த மதுராந்தகர் தலையில் என்று சொன்னால் நாவலை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நாவலில் உத்தம சோழனாக முடிசூடுபவன் சேந்தன் அமுதன். தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டு, பேச்சு வராத தாயோடு குடிசையில் இருந்து, தேவாரம் பாடிக்கொண்டிருந்த பையன். சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அவன்தான் என்று ஐந்தாம் பாகத்தில் தெரியவரும்போது, முதல் வாசிப்பில் பலருக்கும் இது எங்கிருந்து வந்தது என்றுதான் தோன்றும். எங்கிருந்தும் வரவில்லை. நீங்கள் தாண்டலாமா என்று கேட்ட பக்கங்களில் இருந்தது.

மதுராந்தகனைத் தன் பிள்ளையாக ஏற்று, சிவபக்தியிலேயே ஊற வைத்து வளர்க்கிறார் செம்பியன் மாதேவி. அவனோ மூடுபல்லக்கில் ஒளிந்து கடம்பூருக்குப் போய், நடுநிசிக் கூட்டத்தில் சிற்றரசர்கள் முன் திரை விலக்கி இறங்குகிறான், சிம்மாசனம் வேண்டும் என்று. அமுதனுக்குக் கிடைத்தது நந்தவனமும் பதிகமும்தான். கேட்டதும் படகோட்டும் பெண் பூங்குழலியைத் தவிர வேறில்லை. தாயின் பக்தி எந்தப் பிள்ளையின் ரத்தத்தில் இருக்கிறது என்பதை ஆசிரியர் எங்கும் உடைத்துச் சொல்லாமல், அமுதன் வாய்திறந்து பாடும் ஒவ்வொரு இடத்திலும் சொல்லிக்கொண்டே வருகிறார். பாட்டு வந்ததும் பக்கத்தைத் தள்ளுகிறவருக்கு அவன் வெறும் பூக்காரப் பையன். அப்புறம் முடிவு ஒட்டவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

வீர வைஷ்ணவன் ஆழ்வார்க்கடியானின் சண்டையும் அப்படித்தான். தடியைத் தூக்கிக்கொண்டு சைவர்களோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்கிறோம். கோயில் வாசலில், ஏரிக்கரையில், கூட்டம் கூடும் எந்த இடத்திலும் ஒருவன் நின்று யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்க்க அதைவிட நல்ல வேஷம் உண்டா? அவன் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்பது தெரிந்த பிறகு அந்த முதல் சண்டையைப் படித்துப் பாருங்கள். வாய் சண்டை போடும், கண் வேறெங்கோ இருக்கும்.

ஐந்தாவது அத்தியாயம் குரவைக்கூத்து. பலரும் வேகமாகப் புரட்டும் இடம். கடம்பூர் மாளிகையில் பெண்கள் ஆடி முடித்ததும் தேவராளன் என்ற சாமியாடி வெறியாட்டம் ஆடி, அரச ரத்தத்தைப் பலியாகக் கேட்கிறான். முதல் வாசிப்பில் அது திருவிழா வர்ணனை. கொஞ்சம் தள்ளித் திருப்புறம்பயத்தில், இறந்த அரசனுக்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலில், சோழ குலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் ரவிதாஸனின் கூட்டத்தில் அதே தேவராளன் உட்கார்ந்திருப்பான். அப்போது புரியும், சாமி வந்தது யாருக்காக என்று. எந்த மாளிகையில் பலி கேட்டானோ அதே மாளிகையில்தான் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகிறான், ஐந்தாம் பாகத்தில். மூன்றாம் பாகத்துக்குக் கொலைவாள் என்று பெயர் வைத்துவிட்டு அவ்வளவு தூரம் காக்கவைக்கும் துணிச்சல் கல்கிக்கு இருந்தது.

ஊர் வர்ணனையையும் சொல்லிவிடுகிறேன். கதை தொடங்கும் வீரநாராயணபுரத்து விண்ணகரக் கோயில் இன்றைய காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்யும் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதே ஊரின் உடையார்குடி அனந்தீஸ்வரத்தில் இருக்கிறது. கொலைக்கான சாட்சி பொறித்து நிற்கும் ஊரில் கதையைத் தொடங்குகிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். சுருக்கப் பதிப்பில் முதலில் கத்தரி விழுவது இந்தப் பக்கங்களில்தான். கதை தெரியாத பள்ளிப் பிள்ளைக்கு அதைக் கொடுங்கள், உங்களுக்கு வேண்டாம். கதை ஏற்கெனவே தெரிந்தவருக்கு அதில் மிஞ்சுவது தெரிந்த கதை மட்டும்தான்.

எங்காவது தாண்டியே ஆகவேண்டும் என்றால், கரிகாலன் இறந்த பிறகு வரும் பேச்சுவார்த்தைகளில் கொஞ்சம் வேகமாகப் போங்கள். யாருக்குப் பட்டம் என்ற இழுபறி அங்கே நிஜமாகவே நீளம். ஆனால் அங்கேயும் அமுதன் வரும் அத்தியாயத்தில் நடையைக் குறையுங்கள்.

புத்தகம் வாங்குவதென்றால் ஐந்து பாகமும் ஒரே கட்டாக வரும் மலிவுப் பதிப்பு வேண்டாம். படுத்துக்கொண்டு பிடிக்க முடியாது, எழுத்தும் பொடி, பசை மட்டும் போட்ட கட்டு நடுவில் பிளந்துகொள்ளும். நாட்டுடைமையான நூல் என்பதால் பதிப்புகளுக்குக் குறைவில்லை, பிழை திருத்தியவைதான் குறைவு. தனித்தனிப் புத்தகமாக, முடிந்தால் ஓவியர் மணியத்தின் படங்களோடு இருப்பதை வாங்குங்கள். தியாக சிகரத்தின் கடைசியைக் கடையிலேயே புரட்டி, 91-ஆம் அத்தியாயத்துக்குப் பின்னால் முடிவுரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில பதிப்புகளில் அதை விட்டுவிடுகிறார்கள். கதை முடிந்த பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி பதில் சொல்வது அதில்தான்.

அன்புடன்.