மாவுக்கட்டு பிரித்தும் மணிக்கட்டு மடங்கவில்லை. எலும்பு கூடவில்லை என்று அர்த்தமா?

இல்லை. கட்டு பிரித்த அன்றே மணிக்கட்டு தாராளமாக மடங்கினால்தான் ஆச்சரியம்.

வயது ஐம்பத்தைந்து, கால் வழுக்கி விழுந்தது, ஆறு வாரக் கட்டு, எக்ஸ்ரேயில் கோடு இன்னும் தெரிகிறது. முறிவைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். உள்ளங்கையை ஊன்றி விழுந்திருப்பீர்கள், முறிந்தது முன்கையில் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பின் நுனி என்று வைத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். மணிக்கட்டிலேயே உள்ள ஸ்கேஃபாய்டு என்ற குட்டி எலும்பாக இருந்தால் கணக்கு வேறு. அதற்கு ரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கி வருவதால் கூடுவது தாமதமாகும், கட்டும் பெரும்பாலும் இன்னும் நீளும்.

“நேரில் பார்க்காமல் வைத்தியம் சொல்லலாமா” என்று கேட்க யாராவது வருவார்கள். மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. கட்டைப் பிரித்து “கையை ஆட்டிக்கொண்டே இருங்கள்” என்று ஒற்றை வரியில் அனுப்பிவிடுகிறார்களே, அந்த வரியைத்தான் விரிக்கிறேன்.

எலும்பு கூடுவது ஒரு வேலை, மூட்டு மடங்குவது இன்னொரு வேலை. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அங்கே குருத்தெலும்பு கலந்த மெத்தென்ற பாலம் உருவாகும். அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுக ஆறு வாரத்தையொட்டி ஆகும். எக்ஸ்ரேயில் கோடு முழுக்க மறைய மாதக்கணக்கில் பிடிக்கும். 1814ல் அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆப்ரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்தபோது எக்ஸ்ரேயே கிடையாது, தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். இன்றைக்கும் முறிந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறதா என்பதற்கு மதிப்பு உண்டு.

அதே ஆறு வாரத்தில் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கிவிடுகிறது. விரல்களை இழுக்கும் நாண்கள் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்கின்றன. முன்கைத் தசை மெலிகிறது. இப்போது மடங்க விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை இவைதான். விரல்களும் மடங்கவில்லை என்றால், மாவு உள்ளங்கையின் மடிப்புக்கோட்டைத் தாண்டி வந்திருக்கலாம். அல்லது கழுத்தில் மாட்டிய துணியில் கையைப் போட்டுவிட்டு விரலை அசைக்காமலே இருந்திருப்பீர்கள். அப்படியானால் தோளும் இறுகியிருக்கும், அதையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். பிறகு முன்கையை மேசைமேல் கிடத்தி, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே வரும்படி வையுங்கள். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். மேலே தூக்கும்போது விரல்களைத் தளர்வாக மூடிக்கொள்ளுங்கள். விரலை நீட்டிக்கொண்டு தூக்கினால் விரல் நீட்டும் தசைதான் வேலை செய்யும், மணிக்கட்டுத் தசை சும்மா இருக்கும். கீழே இறக்கும்போது நேர் எதிர், விரல்களை விட்டுவிடுங்கள். கை மூடியிருந்தால் மேல்பக்க நாண்கள் இழுபட்டு மடக்கத்தைத் தடுக்கும். மேலே ஐந்து விநாடி, கீழே ஐந்து விநாடி, பத்து முறை. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை.

அடுத்தது சுழற்றல். முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி, கையில் ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பென்சிலை உள்பக்கம் சாய்த்து, பிறகு வெளிப்பக்கம் சாயுங்கள். முழங்கை விலாவை விட்டு நகர்ந்தால் தோள் ஏமாற்றுகிறது என்று அர்த்தம். எத்தனை தூரம் சாய்கிறது என்பதைப் பென்சிலே காட்டும். உள்ளங்கையை மேலே திருப்புவது பெரும்பாலும் தாமதமாகத்தான் திரும்பும், சலித்துவிடாதீர்கள்.

பயிற்சி முடிந்து அரைமணியில் வலி அடங்க வேண்டும். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வேறொருவர் கையைப் பிடித்து வலிக்க வலிக்க மடக்குவது மட்டும் கூடவே கூடாது. கனம் தூக்குவதும் கையை ஊன்றி எழுவதும் மருத்துவர் சரி என்ற பிறகுதான். பெரும்பங்கு அசைவு மூன்று மாதத்தில் வந்துவிடும். மிச்சம் ஓராண்டு வரை மெல்ல மெல்லக் கூடும், கடைசிக் கொஞ்சம் சிலருக்கு வராமலும் போகும்.

இன்றே ஒரு சோதனை: உள்ளங்கையை மேசையில் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். தூக்க முடியவில்லை என்றால் அதை இழுக்கும் நாண் அறுந்திருக்கலாம். எலும்பு விலகாத லேசான முறிவிலும் சில வாரம் கழித்து இது நடக்கும், பயிற்சியால் சரியாகாது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவதும், தொட்டாலே எரிந்து தோல் பளபளத்து நிறம் மாறுவதும் பொறுத்துப் பார்க்கிற விஷயமல்ல. உடனே காட்டுங்கள். தோல் உரிவதும் முடி கூடுதலாகத் தெரிவதும் ஒன்றுமில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. “எலும்புத் தேய்மானமாம்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. முழங்கால் மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. அங்கே எலும்பு தேய்வதற்குப் பதில் ஓரங்களில் முளைவிட்டு வளர்கிறது. ஆஸ்டியோபோரோசிஸ் என்பது எலும்பின் உள்வலை மெலிந்து வலுவிழப்பது. முறிகிற வரை அதில் வலியே இருக்காது. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லி, வலிக்கிற முழங்காலைக் கவனிக்கிறவர்கள் வலிக்காத மெலிவைக் கோட்டைவிடுகிறார்கள்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே, அதுவும் ஐம்பதைத் தாண்டிய வயதில், மணிக்கட்டு முறிந்தது என்றால் எலும்பின் அடர்த்தியைப் பார்த்தே ஆக வேண்டும். டெக்ஸா ஸ்கேன் என்று கேளுங்கள். இடுப்பிலோ முதுகெலும்பிலோ டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் கால்சியம் மாத்திரை மட்டும் போதாது. ஊசி, மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ஸ்கேன் என்பது சில நிமிடம் அசையாமல் படுத்திருக்கிற வேலைதான். மணிக்கட்டு இறுக்கம் விடட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.