ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லையே?

கேள்வி: 1972 செவர்லே சி10 டிரக், 350 வி8 எஞ்சின். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோல் தெளிக்கும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் பொருத்தியிருக்கிறேன். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நின்றுவிடுகிறது. பம்ப் கோளாறா?

பதில்: இல்லை. எஞ்சின் சுற்றும் சிக்னல் வரும்வரை பம்ப் அப்படித்தான் நிற்கும். பெட்ரோல் லைன் புதிது, உள்ளே காற்று இருக்கும். சாவியை நான்கைந்து முறை போட்டு அணைத்து, பிரஷர் கேஜைப் பாருங்கள். பெரும்பாலான கிட்களுக்கு 58 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) அளவில் வேண்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் பத்து பிஎஸ்ஐகூடத் தாண்டாது. கார்புரேட்டர் கால ரப்பர் ஹோஸும் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவுங்கள், ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

பிரஷர் சரியென்றால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது கிட்டின் திரையில் ஆர்பிஎம் வருகிறதா? பூஜ்யம் என்றால் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் இணைப்பைப் பாருங்கள். என் சந்தேகமெல்லாம், சாவி போட்டதும் ஈசியூவுக்கு (இன்ஜெக்‌ஷனை நடத்தும் கம்ப்யூட்டர்) மின்சாரம் தரும் இக்னிஷன் வயர் மேல்தான். உங்களுடையது மாதிரி பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் ஸ்விட்ச்) வைத்த பழைய வண்டியில் காயில் பாசிட்டிவுக்கு ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகத்தான் மின்சாரம் வரும். ஈசியூவுக்கு அங்கிருந்து எடுத்தால் வோல்டேஜ் பத்தாது. ஹீட்டர், ரேடியோ லைனும் கூடாது, ஸ்டார்ட் நிலையில் அவை செத்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் மீட்டரில் 10 வோல்டுக்குக் குறையாத இடமாகப் பார்த்து எடுங்கள். ஈசியூவின் மெயின் பவரும் எர்த்தும் நேராக பேட்டரிக்கே போகட்டும்.