சான்றிதழை வைத்து மனுவைப் பிடியுங்கள்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா இன்றைய ஸ்லோவாக்கியாவிலிருந்து பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன் பக்கம் நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்தவர். 1912-ல் அவர் வாங்கிய அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழ் மாமியாரிடம் இருக்கிறது. அதில் பிறந்த ஊர் இல்லை. கொள்ளுப்பாட்டி பெயரில் ஒரு தாளும் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு அந்த ஊரைக் காட்ட ஆசை. எங்கே தேடலாம் ஐயா?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: சான்றிதழ் ஊரைச் சொல்லாது அம்மா, ஆனால் ஊர் எழுதியிருக்கும் தாளைக் காட்டிவிடும். அதன் மேல்பகுதியைப் பாருங்கள். குடியுரிமை கேட்டு அவர் நீதிமன்றத்தில் போட்ட மனு எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று எண்கள் இருக்கும். எந்த நீதிமன்றம் என்பதும் இருக்கும். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றம் என்றால் அந்த அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். ஃபெடரல் நீதிமன்றம் என்றால் பிலடெல்ஃபியாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அதற்கு முன், ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். பல கவுண்டிகளின் பதிவுகள் அங்கே இலவசம்.

நல்லவேளை, 1912. 1906 செப்டம்பர் 27-க்கு முன்னால் நாடு முழுக்க ஒரே படிவம் கிடையாது. பெயர், நாடு, தேதியோடு முடிந்துபோன பதிவுகள்தான் அதிகம். அதற்குப் பிந்தைய மனுவில் பிறந்த தேதி, பிறந்த ஊர், வந்த கப்பல், செய்த வேலை எல்லாம் வரும். அவர் தன் கையால் போட்ட கையெழுத்தும் இருக்கும், அது சட்டம். சுரங்கத்தில் உழைத்த கை அழுத்தி அழுத்தி எழுதிய அந்தப் பெயரை உங்கள் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் நூலகத்தில் வம்சாவளிப் பிரிவில் இருந்தும், அந்த இடம் வந்தால் நான் பக்கத்தைச் சட்டென்று திருப்புவதில்லை.

மனுவுக்குக் குறைந்தது இரண்டு வருடம் முன்பே அவர் 'முதல் பேப்பர்', அதாவது குடிமகன் ஆக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு, போட்டிருப்பார். அதை வேறு ஊர் நீதிமன்றத்திலும் போட்டிருக்கலாம். எங்கே என்று மனுவே சொல்லும். உயரம், நிறம், அடையாளத் தழும்பு போன்றவை அதில் கிடைக்கும்.

கொள்ளுப்பாட்டிக்குத் தனித் தாள் இல்லாததில் வியப்பில்லை. 1922 செப்டம்பர் வரை கணவன் குடிமகன் ஆனால் மனைவியும் ஆனாள், அவ்வளவுதான். அவர் பெயரும் பிறந்த இடமும் கணவரின் மனுவில் இருக்கும், பிள்ளைகளின் பிறந்த தேதிகளோடு.

ஒரு எச்சரிக்கை. ஸ்லோவாக்கியா அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. அதனால் ஊர் ஹங்கேரியப் பெயரில் வரலாம்: கோஷிட்சே அன்றைக்குக் காஷ்ஷா, பர்தெயோவ் அன்றைக்குப் பார்த்ஃபா. போதாததற்கு, குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'ஆஸ்திரியா' என்று பார்த்துவிட்டு வியன்னா பக்கம் போய்விடாதீர்கள்.

ஊர்ப் பெயர் படிக்கவே முடியவில்லை என்றால் சாட்சிகளைப் பிடியுங்கள். ஒவ்வொரு மனுவிலும் இரண்டு பேர், 'இவரை ஐந்து வருடமாகத் தெரியும்' என்று சத்தியம் செய்திருப்பார்கள், பெயர், தொழில், முகவரியோடு. தெரியாத தேசத்தில் ஒருவருக்காக இப்படி வந்து நிற்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், மச்சான், இல்லை சொந்த ஊர்க்காரர். சாட்சி அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதால், வெளிநாட்டில் பிறந்த சாட்சியும் ஒரு காலத்தில் இப்படி ஒரு மனுவைப் போட்டிருக்கலாம். அதையும் வரவழைத்துப் பாருங்கள். இவர் மனுவில் மை கலங்கிப்போன ஊர், அவர் மனுவில் தெளிவாக இருக்கலாம்.